சஹர் சோறும் மயக்க ஊசியும்

புத்தளத்தில் ஹஃபீலாவின் வீட்டுப் படியேறியவர் எவரும் பசியோடு திரும்பிப் போனதில்லை. கரண்ட் பில் கொடுக்க வந்தவரும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும், விலாசம் தவறிக் கதவைத் தட்டியவரும் சாப்பிட்டுத்தான் போக வேண்டும். “வேணாம் ராத்தா, இப்பத்தான் தின்னுட்டு வாறேன்” என்பதெல்லாம் அவளிடம் செல்லாது. “அது உங்கட வீட்டுச் சோறு, இது என்ட வீட்டுச் சோறு” என்று பீங்கானை நீட்டிவிடுவாள்.

வயது ஐம்பதாகிறது. தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த உடுப்போடு வந்து முகாமில் கிடந்த காலத்தில், ஆறு வயதுத் தம்பி றஸீன் பசியில் அழுது அழுதே தூங்கிப்போவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். அதற்குப் பிறகு ஒரு மனித வயிறு தன் கண் முன்னால் காலியாகக் கிடப்பதை அவளால் தாங்கிக்கொள்ள முடிந்ததில்லை. நல்ல குணம்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் நல்ல குணத்துக்கும் ஒரு கடிவாளம் வேண்டும். அது இல்லாமல் போனால் என்ன நடக்கும் என்பதை ஆஸ்பத்திரி நடைபாதையில் நின்ற அத்தனை பேரும் ஒரு நாள் கண்ணாலேயே பார்த்தார்கள்.

அந்தத் தம்பி றஸீன் இப்போது நுரைச்சோலையில் வெங்காயமும் மிளகாயும் போடுகிறான். அவன் மனைவி மர்ளியாவுக்குப் பித்தப்பையில் கல். ஒன்று இரண்டல்ல, ஸ்கேன் எடுத்தவர் “மாலை கோக்கலாம்” என்று சொன்னாராம். வலி வந்தால் மனுஷி தரையில் சுருண்டுவிடுவாள். மாதக்கணக்காகக் காத்திருந்து ஒப்பரேஷனுக்குத் திகதி கிடைத்தது. கத்தியைப் பற்றி மர்ளியாவுக்குப் பயமில்லை. அவளுடைய பயமெல்லாம் மயக்க ஊசியைப் பற்றித்தான்.

“மதினி, தூங்கிட்டு எழும்பாமப் போனா?”

“றஸீன்ட குறட்டைக்குப் பக்கத்துல இத்தன வருசம் தூங்கி எழும்பினவளுக்கு இதெல்லாம் ஒரு தூக்கமா, போடி” என்றாள் ஹஃபீலா.

ஒப்பரேஷனுக்கு முந்தின கிழமை மயக்க மருந்து டொக்டரைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். றஸீனுக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற நாள் என்பதால் துணைக்குப் போனவள் ஹஃபீலா. டொக்டர் அருமைநாயகம் சிலாபத்து மனிதர். ஒல்லியாக, உயரமாக, அவசரம் என்பதே தெரியாதவர் போல உட்கார்ந்திருந்தார்.

“பல்லு ஏதும் ஆடுதா?” என்று கேட்டார்.

“இல்ல டொக்டர், எல்லாம் உறுதி” என்றாள் ஹஃபீலா.

“முந்தி எப்பவாவது மயக்கம் குடுத்து ஒப்பரேஷன் செஞ்சிருக்கா?”

“இல்லவே இல்ல டொக்டர்.”

“ஏதாவது மருந்து, சாப்பாடு ஒத்துக்கொள்ளாம இருக்கா?”

“இறால் ஒத்துக்காது. மேலெல்லாம் தடிச்சிரும்.”

டொக்டர் பேனையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். “அது இவங்களுக்கா, உங்களுக்கா?”

“எனக்கு.”

“நான் இவங்களைத்தானே மயக்கப் போறேன் அம்மா.”

மர்ளியாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு கொடுத்த தைரியத்தில் மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டாள். “டொக்டர், நான் எழும்புவேனா?”

அவர் கதிரையை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எழும்புவீங்க தங்கச்சி. ஆபத்தே இல்லையெண்டு சொன்னா நான் பொய்க்காரன். ஆனா முந்தின காலம் மாதிரி இப்ப இல்ல. நீங்க தூங்குற நேரம் முழுக்க நான் உங்கட தலைமாட்டுலதான் நிப்பேன், அங்க இங்க அசைய மாட்டேன். உங்கட மூச்சையும் நாடியையும் மெஷின் பாத்துக்கொண்டிருக்கும், மெஷினை நான் பாத்துக்கொண்டிருப்பேன். அது என்ட பொறுப்பு. உங்கட பொறுப்பு ஒண்டு இருக்கு. வயிறு காலியா இருக்கணும். ராவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு ஒரு சாப்பாடும் கூடாது. ஏனெண்டா...”

அந்த ‘ஏனெண்டா’வோடு ஹஃபீலா உள்ளே புகுந்துவிட்டாள். “என்ன டொக்டர் நீங்க! நோன்பு பிடிக்கிறத எங்களுக்கா சொல்லித் தாறீங்க? ஏழு வயசுல இருந்து வருசத்துக்கு ஒரு மாசம் பிடிக்கிறோம். அந்தக் கவலையே உங்களுக்கு வேணாம்.”

அவர் வாயைத் திறந்தார். அதற்குள் ஒரு நர்ஸ் ஓடி வந்து தியேட்டரில் அவசரம் என்று கூப்பிட்டாள். “பன்னிரண்டுக்குப் பிறகு ஒண்டும் கூடாது, சரியா?” என்று இன்னொரு தரம் சொல்லிவிட்டு அவர் எழுந்து ஓடினார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை வாயைத் திறந்தது, கெடப் போனது பக்கத்திலிருந்த மீன்.

ஒப்பரேஷனுக்கு முந்தின இரவு மர்ளியா எங்கே தங்குவது என்பதில் ஒரு சண்டை வந்தது. மர்ளியாவின் உம்மா ஹவ்வா உம்மா, மகள் தன் வீட்டிலிருந்து விடியற்காலையில் வேனில் போகட்டும் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடு தூரத்தில் தன் வீடு இருக்கும்போது நுரைச்சோலையிலிருந்து எதற்குக் குலுங்கிக்கொண்டு வர வேண்டும் என்றாள் ஹஃபீலா. சம்மந்திகள் இரண்டு பேருக்கும் எப்போதுமே ஏழாம் பொருத்தம். கடைசியில் ஹஃபீலாதான் வென்றாள். “என்ட புள்ளய உங்கட பொறுப்புல விடுறேன்” என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொல்லிவிட்டுப் போனாள் ஹவ்வா உம்மா.

அந்தப் பொறுப்பை ஹஃபீலா எப்படி நிறைவேற்றினாள் என்று கேளுங்கள். விடிகிறதற்கு முன் எழுந்து சஹர் சோறு ஆக்கினாள்!

அவள் கணக்கு இப்படி ஓடியது. நோன்பு என்றால் விடியுமுன் சாப்பிட்டு, சஹர் செய்துவிட்டுப் பிடிப்பதுதான். சஹரில் பறக்கத் இருக்கிறது, அல்லாஹ்வின் அருள் இருக்கிறது. விடியற்காலைச் சுபஹ் பாங்குக்கு முந்திச் சாப்பிட்டால் அது முந்தின ராவோடு சேர்ந்தது, பகலோடு அல்ல. பாவம் அந்த டொக்டர், நோன்பு பிடிக்காத மனுசன், பொதுவாகப் பன்னிரண்டு என்று ஒரு கோடு போட்டிருக்கிறார். கத்தி படப் போகிற உடம்பு அத்தனை நேரம் பட்டினி கிடந்தால் தாங்குமா?

சர்ஜன் எண்ணெய் கூடாது என்று சொல்லியிருந்தார். அதை மட்டும் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தாள். பொரியல் கிடையாது, தாளிப்பு கிடையாது. சோறு, தேங்காய்ப்பால் விட்ட பாரை மீன் ஆணம், முருங்கைக்கீரை. பிறகு எருமைத் தயிரும் இனிப்புப் பாணியும். வாயை முடிக்க வாழைப்பழம்.

“மதினி, டொக்டர் வேணாமெண்டாரே” என்றாள் மர்ளியா.

“நான் ஒருத்தி இங்க எதுக்கு இரிக்கேன்? பிஸ்மி சொல்லித் தின்னு.”

ஹஃபீலா சொன்னால் சொன்னதுதான். மர்ளியா தின்றாள். ஆணம் வேறு வாய்க்கு இதமாக இருந்ததா, இரண்டாந்தரம் ஹஃபீலா போட்டதையும் மிச்சம் வைக்கவில்லை. கை கழுவும்போது ஹஃபீலா சொல்லிக்கொடுத்தாள். “நர்ஸ் கேட்டா, காலம்பற ஒண்டும் சாப்பிடல்ல எண்டு சொல்லு. பொய்யில்ல. வெளிய பாரு, காலமா இது? கும்மிருட்டு.”

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டாள். மர்ளியா மதினியைப் பார்த்தாள். மதினி கண்ணாலேயே ‘சொல்லு’ என்றாள். “இல்ல மிஸ், காலம்பற ஒண்டும் சாப்பிடல்ல” என்றாள் மர்ளியா. உடுப்பு மாற்றி, ட்ரொலியில் ஏற்றி, தியேட்டர் கதவுக்குள் கொண்டுபோய்விட்டார்கள்.

வெளியே நீள வாங்கில் குடும்பம் உட்கார்ந்தது. றஸீன் தொப்பியைக் கழற்றிக் கசக்கிக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தான். ஹவ்வா உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு, ஹஃபீலா இருந்த பக்கமே திரும்பாமல் இருந்தாள். ஹஃபீலாவுக்கு மனது நிறைந்திருந்தது. வயிறு நிறைய அனுப்பியிருக்கிறோம், இனி அல்லாஹ் காவல் என்று நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

கதவுக்குப் பக்கத்தில் சில்லு வைத்த கதிரையில், ஆஸ்பத்திரி உடுப்போடு ஒரு மனிதர் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். மாம்புரிக் கடற்தொழிலாளி, பெயர் றொபின்சன். போட் எஞ்சினைத் தூக்கித் தூக்கிக் குடல் இறங்கிவிட்டதாம். மர்ளியாவுக்கு அடுத்த ஆள் அவர்தான். “பசிக்குதடி கத்தரினா, பசியில கண் இருட்டுது” என்று பக்கத்தில் நின்ற மனைவியிடம் முனகிக்கொண்டிருந்தார்.

“வாய மூடிக்கொண்டு இரும்” என்று அவரை அதட்டிவிட்டுக் கத்தரினா ஹஃபீலாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பார்த்த உடனேயே பத்து வருடப் பழக்கம் போலக் கதைக்கிற ரகம். “போன தடவை இந்த மனுசன் செஞ்ச வேலைய நீங்க கேக்கணும் அக்கா. இதே ஒப்பரேஷன், இதே வாங்கு. ஒண்டும் சாப்பிடக் கூடாது எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னாங்க. ஆள் என்ன செஞ்சார் தெரியுமா? சீனி தூவின ஒரு கிம்புலா பணிஸ சாரத்துக்குள்ள ஒளிச்சு வச்சு, காலையில கக்கூசுக்குள்ள போய் நிண்டு தின்னுட்டு, ஒண்டும் தெரியாத பாப்பா மாதிரி வந்து படுத்துட்டார். மீசை முழுக்கச் சீனி!”

ஹஃபீலா சிரித்த சிரிப்பில் வாங்கே ஆடியது. “பிறகு?”

“நர்ஸ் மீசையப் பாத்துட்டா. அவ்வளவுதான், வீட்டுக்குப் போ எண்டுட்டாங்க.”

“ஒரு பணிசுக்கா? அநியாயம்!”

“நானும் அப்படித்தான் சண்டைக்குப் போனேன் அக்கா. அந்த ஒல்லி டொக்டர் என்னை இருத்தி வச்சு விளங்கப்படுத்தினார். நாம முழிச்சிருக்கிற நேரம் தொண்டையில ஒரு காவல் இருக்காம். சோறு போற வழி வேற, மூச்சுப் போற வழி வேற எண்டு அதுதான் பிரிச்சு விடுறது. மயக்க ஊசி போட்டா ஆளோட சேர்ந்து அந்தக் காவலும் தூங்கிருமாம். அந்த நேரம் வயித்துல சாப்பாடு கிடந்தா மேல வந்து, நேரா நுரையீரலுக்குள்ள இறங்கிருமாம். கடல்ல மூழ்கினவனுக்கும் இவனுக்கும் வித்தியாசமில்ல, இவன் கட்டில்ல படுத்துக்கொண்டே மூழ்குவான் எண்டார். அந்தோனியாரே! ஒரு பணிசுக்காக நான் விதவையாகி இருப்பேன்.”

ஹஃபீலாவின் சிரிப்பு பாதியில் நின்றது. 

“சோறெண்டா... சோறெண்டா எவ்வளவு நேரத்துல கரையும்?” என்று மெல்லக் கேட்டாள்.

“அதுக்குத்தானே ராவு பன்னிரண்டு எண்டு சொல்றாங்க. சும்மாவா சொல்வாங்க?”

தியேட்டர் கதவின் மேல் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஹஃபீலாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மனம் மட்டும் ஆயிரம் சாட்டுச் சொன்னது. விடிந்து எவ்வளவோ நேரமாகிவிட்டது, இதற்குள் கரைந்திருக்கும். மீன் லேசான சாப்பாடுதானே. கீரை எப்போதும் உடம்புக்கு நல்லதுதானே. அல்லாஹ் ஒன்றும் வராமல் பார்த்துக்கொள்வான். இப்போது எழுந்து போய்ச் சொன்னால் ஹவ்வா உம்மா என்ன சொல்லுவாள்? ‘என்ட புள்ளய உங்கட பொறுப்புல’ என்று விட்டுப் போனவள் அவள். நாளைக்கு நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டி வரைக்கும் இந்தக் கதைதான் ஓடும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பிறகு, இரண்டாந்தரம் சோறு போட்டபோது மர்ளியா “காணும் மதினி” என்று கையால் மறித்தது கண்ணுக்குள் வந்தது. அந்தக் கையைத் தட்டிவிட்டுச் சோற்றைப் போட்டது யார்? இந்தக் கைதான். மானம் போனால் இன்னொரு நாள் வரும், உயிர் போனால் வருமா? ஹஃபீலா எழுந்து ஓடினாள்.

ஐம்பது வயது, பாரமான உடம்பு, அபாயா வேறு காலில் தடுக்கியது. கதவடியில் நின்ற அட்டெண்டன் சிங்களவர், “பே, பே!” என்று இரண்டு கையையும் விரித்து மறித்தார். அவர் முடியாது என்கிறார் என்று தெரியாதவளா ஹஃபீலா? மறித்த கைக்கு மேலால் தலையை நீட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.

“டொக்டர்! ஊசி போடாதீங்க! அவ தின்னுட்டா! டொக்டர்ர்ர், மர்ளியா தின்னுட்டா!”

நடைபாதையே திரும்பிப் பார்த்தது. ஒரு நர்ஸ் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினாள். அடுத்த கணம் பச்சைத் தொப்பியும் தாடைக்கு இறக்கிய மாஸ்க்குமாக டொக்டர் அருமைநாயகம் வந்து நின்றார்.

“யார் சாப்பிட்டது?”

“மர்ளியா. அவளில ஒரு பிழையும் இல்ல டொக்டர், நான்தான் குடுத்தேன்.”

“எப்ப?”

“சஹருக்கு. சுபஹ் பாங்குக்குக் கொஞ்சம் முந்தி.”

“என்ன சாப்பிட்டாங்க?”

“கொஞ்சம் சோறு.”

அவர் கண்ணெடுக்காமல் அவளையே பார்த்தார்.

“ரெண்டு தரம் போட்டேன்” என்றாள் ஹஃபீலா.

“வேற?”

“பாரை மீன் ஆணம்.”

“வேற?”

“முருங்கைக்கீரை. ஆனா எண்ணெய் இல்ல டொக்டர்! சத்தியமா ஒரு சொட்டு எண்ணெய் இல்ல!”

“வேற?”

“தயிர். பாணி ஊத்தி.”

“முடிஞ்சுதா?”

“வாழப்பழம்... ரெண்டு.”

பின்னாலிருந்து “யா அல்லாஹ்!” என்று ஹவ்வா உம்மாவின் குரல் கேட்டது. அதற்கும் பின்னாலிருந்து றொபின்சனின் குரல், வயிறெரிந்து போய்க் கேட்டது. “கேட்டியாடி கத்தரினா? நான் ஒரே ஒரு பணிஸ்தானே தின்னேன்!”

டொக்டர் சுவரில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு மூச்சை விட்டார். “மருந்து ஊசியில ஏத்தி வச்சாச்சு அம்மா. போடுறதுக்கு முந்தி ஒவ்வொருத்தரிட்டயும் கடைசியா ஒரு தரம் நானே கேக்கிறது வழக்கம். இவங்களிட்ட கேட்டா கண்ண மூடிக்கொண்டு கலிமா ஓதுறாங்களே தவிர ஒரு பதிலும் இல்ல. அதால ஊசியக் கீழ வச்சிட்டு, கண்ணத் திறக்கட்டும் எண்டு நிண்டேன். அப்பத்தான் உங்கட சத்தம் கேட்டுது.”

ஹஃபீலா அங்கேயே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை போல ஏங்கி ஏங்கி அழுதாள். “ஏசுங்க டொக்டர். நல்லா ஏசுங்க. பொறுப்பெடுத்துக் கூட்டிட்டு வந்து நானே அவளக் கொல்லப் பாத்துட்டேனே.”

“ஏச்சு இருக்கு, அது பிறகு தாறேன்” என்றார் அவர். குரலில் கோபமில்லை. “இப்ப எழும்புங்க. வந்து சொன்னீங்களே, அது பெரிய காரியம். சொன்னதும் முழுக்கச் சொன்னீங்க, பழம் வரைக்கும். அதால எனக்குக் கணக்குப் போடலாம். இண்டைக்கு அவங்களை வீட்டுக்கு அனுப்பாம கடைசி ஆளாப் போட முடியுமா எண்டு சர்ஜனோட கதைக்கிறேன். ஆனா அதுக்குள்ள ஒரு பருக்கை உள்ள போச்சோ...”

“என்னயத் தாண்டித்தான் போகணும் டொக்டர்!”

சர்ஜன் சம்மதித்தார். மர்ளியாவுக்குப் பதிலாக றொபின்சனை உள்ளே கொண்டுபோனார்கள். மனிதர் கலியாண மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு போனார். “அக்கா, உங்கட மீன் ஆணத்தால எனக்கு வெள்ளனமே சாப்பாடு! ஆண்டவர் உங்களை ஆசீர்வதிக்கட்டும்!” என்று கையை ஆட்டிவிட்டுப் போக, அழுதுகொண்டிருந்த ஹஃபீலாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மர்ளியாவைத் திரும்ப வார்ட்டுக்குக் கொண்டுவந்தபோது அவள் கண்ணைத் திறந்து, “முடிஞ்சுதா மதினி? ஒண்டுமே தெரியல்லயே!” என்றாள்.

“தொடங்கவே இல்லடி” என்று ஹஃபீலா நடந்ததெல்லாம் சொன்னாள். ஒன்றையும் மறைக்கவில்லை. மர்ளியா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “தயிரையும் சொன்னீங்களா?” என்றாள். “பாணியையும் சொன்னேன்” என்றாள் ஹஃபீலா. அதற்குப் பிறகு இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கட்டில்காரி நர்ஸைக் கூப்பிட்டுவிட்டாள்.

பார்வையாளர் நேரம் வந்தது. நுரைச்சோலையிலிருந்து ஒரு வேன் நிறையச் சொந்தம் வந்து இறங்கியது. கோழி சூப் ஒரு ஃப்ளாஸ்க், ஓதின தண்ணீர் ஒரு போத்தல், பேரீச்சம்பழம், இடியப்பம், யாரோ கட்டி வந்த வட்டிலப்பம். ஹஃபீலா கட்டிலுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். “ஒண்டும் உள்ள வராது. சூப்ப மூடுங்க. வாசமும் வரக் கூடாது.”

“ஓதின தண்ணிதானே ராத்தா, ஒரு மிடறு...” என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

“ஓதினது அல்லாஹ்ட காதுல விழுந்திரிக்கும். தண்ணிய நீ குடி.”

சொந்தக்காரர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஹஃபீலா ராத்தா ஒரு ஆளைச் சாப்பிட விடாமல் தடுக்கிறாள் என்றால் யார் நம்புவார்கள்? ஒருத்தர் மெல்ல, “மயக்க ஊசிய மாறி இவக்குப் போட்டுட்டாங்களோ” என்று கேட்க, வார்ட்டே கொல்லென்று சிரித்தது. ஹஃபீலாவும் சிரித்தாள். வந்தவர்களிடமெல்லாம் தொண்டைக் காவல்காரனின் கதையைச் சொன்னாள். “நோன்பு வேற, இது வேற. அது அல்லாஹ்வுக்கு, இது தொண்டைக்கு. மாத்திப் போட்டுக் குழப்பினவ நான்தான்” என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் ஹவ்வா உம்மா மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து தஸ்பீஹை உருட்டிக்கொண்டே இருந்தாள். ஏசினாலாவது பரவாயில்லை, இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லலாம். இந்த மௌனம்தான் ஹஃபீலாவை வதைத்தது. றஸீன் ஒரு பாண் துண்டைக் கொண்டுவந்து, “நீங்களும் ஒண்டும் சாப்பிடல்லயே ராத்தா” என்று நீட்டினான். அவளுக்கு அதை வாயில் வைக்க மனம் வரவில்லை. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஹஃபீலா “வேணாம்” என்று சொன்னாள்.

வெயில் சாயத் தொடங்கும் நேரம் மர்ளியாவைத் திரும்பவும் ட்ரொலியில் ஏற்றினார்கள். கதவடியில் டொக்டர் அருமைநாயகம் குனிந்து கேட்டார். “தங்கச்சி, கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?”

இந்தத் தடவை கலிமாவெல்லாம் இல்லை. “சஹருக்கு டொக்டர்! ரெண்டு தரம்! அதுக்குப் பிறகு மதினி என்னய எச்சில் முழுங்கவும் விடல்ல!” என்று நடைபாதைக்கே கேட்கச் சொன்னாள். சிரித்த முகத்தோடு உள்ளே போனாள். சிரித்துக்கொண்டே மயங்கியதாகப் பிறகு நர்ஸ் சொன்னாள்.

சிவப்பு விளக்கு திரும்ப எரிந்தது. ஹஃபீலா வாங்கின் ஒரு நுனியில், ஹவ்வா உம்மா மறு நுனியில். நடுவில் றஸீன், தொப்பி என்று சொல்ல முடியாத ஒரு துணியைக் கையில் வைத்துக்கொண்டு. ஹஃபீலா துஆ கேட்டாள். தனக்காக ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பிள்ளையைக் கண் திறக்க வை, என்னை ஊரெல்லாம் ஏசட்டும் என்று மட்டும் கேட்டாள்.

கதவு திறந்தது. முதலில் டொக்டர் வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததுமே ஹஃபீலாவுக்கு விளங்கிவிட்டது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். பின்னால் ட்ரொலியில் மர்ளியா, கண் பாதி மூடி, வாய் உலர்ந்து.

“மர்ளியா, கண்ணத் திறங்க. இது ஆர் எண்டு சொல்லுங்க பாப்பம்” என்றார் டொக்டர்.

மர்ளியா கண்ணைக் கஷ்டப்பட்டுத் திறந்தாள். தேடினாள். ஹஃபீலாவைக் கண்டுபிடித்தாள்.

“மதினி... பசிக்குது.”

அந்த ஒரு சொல்லுக்கு ஹஃபீலா சந்தோஷத்தில் விம்மிவிட்டாள். பழக்க தோஷம், கை தானாகவே, சொந்தக்காரர் விட்டுப்போன சாப்பாட்டுப் பைக்குப் போனது. பாதி வழியில் தானாகவே நின்றது. “குடுக்கலாமா டொக்டர்?”

“இப்ப கூடாது. முழுசா மயக்கம் தெளியட்டும். நான் வந்து பாத்துச் சொன்ன பிறகு முதல்ல கொஞ்சம் தண்ணி மட்டும். ஏனெண்டு சொல்லட்டா, நேரமிருக்கா உங்களுக்கு?”

“சொல்லுங்க டொக்டர். ஒரு எழுத்து விடாமச் சொல்லுங்க” என்று ஹஃபீலா கைகட்டி நின்றாள். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். முடிக்கும் வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. காலையில் பாக்கி வைத்த ஏச்சையும் அதோடு சேர்த்துக் கொடுத்தார். அதையும் வாங்கிக்கொண்டாள்.

மர்ளியாவை வார்ட்டில் விட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் ஹஃபீலாவுக்குத் தலை சுற்றியது. முந்தின நாள் இரவுக்குப் பிறகு தேநீரைத் தவிர ஒன்றும் இறங்கவில்லை. மர்ளியாவுக்கு ஊட்டுகிற மும்முரத்தில் தான் சஹர் செய்யவே மறந்திருந்தாள். தட்டுத்தடுமாறி வாங்கில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். ஹவ்வா உம்மா. மடியில் கன்டீனிலிருந்து வாங்கின இடியப்பப் பார்சல் திறந்திருந்தது.

இதோ வருகிறது ஏச்சு என்று ஹஃபீலா தலையைக் குனிந்துகொண்டாள். “ஏசுங்க மாமி. உங்களுக்கு அந்த உரிமை இரிக்கி.”

ஹவ்வா உம்மா இடியப்பத்தைப் பிய்த்து, சொதியில் நனைத்து, சம்பல் வைத்து உருட்டினாள்.

“என்ட வீட்டுல இருந்திருந்தா நான் மட்டும் பட்டினியா அனுப்பியிருப்பனா?” என்றாள். “நானும் குடுத்திருப்பேன். ஒரு பூண்டுக் கஞ்சியாவது காய்ச்சிக் குடுத்திருப்பேன். குடுத்துட்டு, உன்ன மாதிரி எழும்பி ஓடியிருப்பனா எண்டுதான் இண்டைக்கு முழுக்க யோசிச்சுக்கொண்டிருந்தேன்.” கையிலிருந்த உருண்டையை இன்னொரு தரம் அழுத்தி உருட்டினாள். “ஓடியிருக்க மாட்டேன் ஹஃபீலா. நீ பாத்துக்கொண்டிருக்கிற வெட்கத்துல, வாயப் பொத்திக்கொண்டு தஸ்பீஹ உருட்டியிருப்பேன். என்ட புள்ள அதுல மவுத்தாப் போயிருக்கும்.”

 இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அழுதார்கள்.

“வாயத் திற” என்றாள் ஹவ்வா உம்மா.

ஊரெல்லாம் ஊட்டிய ஹஃபீலாவுக்கு மற்றவர் கையால் ஒரு கவளம் கிடைத்து எத்தனையோ காலமாகியிருந்தது. வாயைத் திறந்தாள். கண்ணீரும் சொதியுமாக மென்று விழுங்கினாள்.

“மாமி” என்றாள், மூக்கைத் துடைத்துக்கொண்டு. “சம்பலுக்கு உப்புக் காணாது.”

“பேசாமத் தின்னுடி” என்று ஹவ்வா உம்மா அடுத்த கவளத்தை உருட்டினாள்.